முப்பத்தோராவது ஊசி

சிவசக்திக்கு இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பதிவேடு அப்படிச் சொல்கிறது. பதுளைக் காரியாலயத்துக் கோவையில் உள்ள படிவம் சொல்கிறது. கொழும்புக்குப் போன வர்ண அறிக்கையின் பதினான்காம் பக்கமும் சொல்கிறது. மறுப்பவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி சிவசக்தி, இன்னொருத்தி அவளைப் பெற்ற கலாராணி. முதலாமவளுக்குப் பன்னிரண்டு வயது, மற்றவள் கொழுந்து பறிப்பவள். ஆகவே விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஹல்துமுல்லைக்கு மேலே வெள்ளைப்பாறைத் தோட்டம். அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டில் முப்பத்தொரு பெண் பிள்ளைகள். கர்ப்பப்பைக் கழுத்தில் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசியை அவர்களுக்கு இரண்டு தரம் போடவேண்டும். முதலாவதைப் போட்டு ஆறு மாதம் கழித்து இரண்டாவது. முதலாவது ஊசிக்கு மருத்துவமாது ஷாகிரா மிஸ் ஒரு குளிர்ப்பெட்டியோடு வந்தார், ஒரு மேசை கேட்டார், ஒன்றரை மணித்தியாலத்தில் முப்பத்தொரு பேருக்கும் போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். மாலையில்லை, மேடையில்லை.

நல்ல காரியம் ஒன்று இப்படிச் சத்தமில்லாமல் நடந்து முடிவதைப் பார்த்துப் பொறுத்துக்கொண்டிருக்க எல்லோராலும் முடியாது. பதுளையில் சிலரால் முடியவில்லை. அவர்கள் ‘மலையக மகளிர் நலன் நூறு வீதத் திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு கடைக்கு மேலே மாடி எடுத்தார்கள், பெயர்ப்பலகை எழுதினார்கள், இரண்டாவது ஊசியைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து திட்டத்தின் கையெழுத்து இல்லாமல் ஒரு குப்பி மருந்துகூடக் குளிர்ப்பெட்டியை விட்டு வெளியே வராது என்று ஆயிற்று.

இரண்டாவது ஊசி நாளன்று பள்ளிக்கூட வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. எட்டரைக்குத் தொடங்கவேண்டிய ஊசி பதினொன்றரை வரைக்கும் தொடங்கவில்லை. மங்கள விளக்கில் ஆறு திரி, ஆறு பெரியவர்கள். நாலாவது திரி காற்றில் அணைந்ததால் நாலாவது பெரியவர் மனம் நொந்துபோனார். அவரைச் சமாதானப்படுத்தி, எல்லாத் திரியையும் அணைத்து, முதலிலிருந்து ஏற்றினார்கள். பிறகு திட்டத்தின் பணிப்பாளர் பேசினார்.

“இந்த நோயைப் பற்றிப் பேச நாங்கள் கூச்சப்படக் கூடாது. கூச்சம்தான் எங்கள் முதல் எதிரி. பெண்களுடைய அந்த... அதாவது அவர்களுக்கு உள்ள... அந்தப் பகுதியைப் பற்றி வெளிப்படையாகப் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது. இதற்கு மேல் விளக்கமாகச் சொல்ல முடியாது, பெண்கள் இருக்கிறார்கள்.”

எல்லோரும் கைதட்டினார்கள். இணைப்பாளர் ஜெயரூபன் ஒலிவாங்கியில் பெயர் வாசித்தார். பெயர் வந்ததும் பிள்ளை ‘இருக்கேன்’ என்று சொல்லவேண்டும். சொன்னதும் படிவத்தில் ஒரு சரி அடையாளம். வரவுக்கு ஒரு நிரல், ஊசிக்கு ஒரு நிரல் என்று படிவத்தில் இரண்டு இருந்திருக்க வேண்டியதுதான். ஆனால் உதவி செய்த ஐந்து நிறுவனங்களின் சின்னங்களும் தலைப்பில் ஏறியதால் ஒரு நிரலுக்குத்தான் இடம் மிஞ்சியது. அந்த ஒன்றுக்கு ‘ஊசி ஏற்றப்பட்டது’ என்று பெயர்.

அந்த நேரத்தில் சிவசக்தி தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் பின்னறையில், கொடியில் தொங்கவிட்ட பழைய சேலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளைக்கு முன்புதான் பெரிய பிள்ளையாகியிருந்தாள். பதினாறு நாள் முடிந்து தண்ணீர் ஊற்றும் வரை அவள் வெளியே வர முடியாது. இந்தச் செய்தியைக் கடிதமாக எழுதி ஆண் அதிபருக்கு அனுப்புவது எந்தத் தாயாலும் ஆகிற காரியமில்லை. வராத பிள்ளைக்கு அடுத்த கிளினிக்கில் ஷாகிரா மிஸ் போட்டுவிடுவார், எல்லா ஊசிக்கும் அதுதான் வழக்கம் என்று கலாராணி நிம்மதியாக இருந்தாள்.

ஒலிவாங்கி ‘சிவசக்தி’ என்றது. பதில் இல்லை. பக்கத்து வீட்டு டிலானி வரிசையில் நின்றாள். அவள் அம்மாவின் இடுப்பில் இருந்த காலத்திலிருந்தே பெரட்டைப் பார்த்து வளர்ந்தவள். காலையில் பெரட்டுக்களத்தில் கணக்குப்பிள்ளை ஆள் எடுக்கும்போது, பெயர் வாசித்து ஆள் இல்லாவிட்டால் அன்றைய வேலை போய்விடும். கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவருகிறவளுக்காகப் பக்கத்தில் நிற்பவள் ‘இருக்குதுங்க’ என்று குரல் கொடுப்பாள். இதற்கு ‘பேர் கொடுப்பது’ என்று பெயர். கொடுப்பது தோட்டத்தில் குற்றமில்லை. கொடுக்காமல் நிற்பவளிடம்தான் யாரும் பேசமாட்டார்கள். டிலானி யோசிக்கவே இல்லை.

“இருக்கேன் சேர்.”

முப்பத்தொரு பெயர், முப்பத்தொரு சரி. நேரம் போய்விட்டதால் ஷாகிரா மிஸ் அவசர அவசரமாக ஊசி போட்டார். முப்பது பிள்ளைகள் கையை நீட்டினார்கள். பெட்டியில் ஒரு குப்பி மிஞ்சியது. படிவத்தை ஜெயரூபன் அதற்குள் கோவையில் வைத்து, கோவையை வாகனத்தில் வைக்க, வாகனம் பாற்சோறு சாப்பிடப் போய்விட்டது.

கலாராணி இந்த ஊசியை இதற்குப் பிறகு ஏன் விடாமல் பிடித்துக்கொண்டாள் என்று கேட்கலாம். அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள், ஜெயலெட்சுமி. மாதத்து நாட்கள் முடிந்தும் அக்காவுக்கு இரத்தம் நிற்கவில்லை. சூடு என்றார்கள், வெந்தயம் ஊறப்போட்டுக் கொடுத்தார்கள். மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டார். கடைசி இரண்டு மாதமும் அக்காவின் துணியைக் கலாராணிதான் பீலிக்கரையில் துவைத்தாள். தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தோடு தள்ளி நின்றார்கள். நாற்பத்தொரு வயதில் அக்கா செத்தாள். அந்தத் துணியின் வாடையைப் பற்றிக் கலாராணி யாரிடமும் பேசியதில்லை. இந்த ஊசி அந்த நோய்க்குத்தான் என்று ஷாகிரா மிஸ் சொன்ன அன்று மட்டும் மூன்று தரம் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பதினேழாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். ஷாகிரா மிஸ் பட்டியலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், திரும்பவும் பட்டியலைப் பார்த்தார்.

“போட்டதுன்னு இருக்கே, கலாராணி.”

“போடலியே மிஸ்.”

“எனக்குத் தெரியும். நான்தானே போடல. ஆனா மிச்ச மருந்தை அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. கையெழுத்து இல்லாம எனக்கு ஒண்ணு தரமாட்டாங்க. நீங்க பதுளைக்குப் போய்ச் சொல்லுங்க. ரெண்டாவது பிந்தினாலும் பரவாயில்ல, ஆனா போடத்தான் வேணும்.”

பதுளைக்குப் போக இரண்டு பஸ். மாடியில் ஜெயரூபன் சேர் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். எழுந்து நின்று வணக்கம் சொன்னார், வருகைப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார், உட்காரச் சொன்னார். பிறகு கோவையைத் திறந்தார்.

“பிள்ளைக்கு ஊசி ஏத்தியிருக்கே அம்மா.”

“இல்லீங்க சேர். அன்னைக்கு புள்ள ஸ்கூலுக்கே போகலீங்க.”

“போகாத பிள்ளை எப்படி இருக்கேன்னு சொல்லும்?”

“அது பக்கத்து வீட்டுப் புள்ளைங்க. பெரட்டுல பேர் கொடுக்கிற மாதிரி கொடுத்துருச்சு.”

ஜெயரூபன் பேனாவை மூடினார்.

“இதை நீங்க எழுத்துல தந்தா நான் அந்தப் பிள்ளை மேல நடவடிக்கை எடுக்க வேண்டி வரும். ஆள்மாறாட்டம்.”

“அப்ப வேணாங்க சேர்.”

“வீட்டுலதான் இருந்தாங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?”

கலாராணி தலையைக் குனிந்துகொண்டாள். “பெரிய புள்ளையாகிட்டாங்க. பதினாறு நாள் வெளிய விடலீங்க.”

பெண்கள் நலனுக்காகவே மாதச் சம்பளம் வாங்கும் ஜெயரூபனுக்கு முகம் சிவந்துவிட்டது. மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். காகிதங்கள் பறந்தன. அவற்றைப் பொறுக்கி முடித்தபிறகு கேட்டார்: “அதுக்குச் சான்றிதழ் ஏதும் இருக்கா?”

“அதுக்கெல்லாம் குடுப்பாங்களா சேர்?”

“குடுக்கிறதில்லதான். அதான் கேட்டேன்.”

வேறு ஒரு வழி இருந்தது. படிவம் ஏழு, ‘ஊசி ஏற்றப்படாமை உறுதிப் பத்திரம்’. அதில் ஊசி ஏற்றாத உத்தியோகத்தர் கையொப்பமிட வேண்டும். கலாராணி அதை வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் ஏறித் திரும்பிவந்து, ஷாகிரா மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்கி, இன்னொரு நாள் வேலையை விட்டு மறுபடியும் மாடி ஏறினாள். ஜெயரூபன் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது செல்லாதும்மா. ஷாகிரா மிஸ் ஊசி போட்ட உத்தியோகத்தர். போட்டவங்க போட்டதுக்குத்தான் கையெழுத்து வைக்கலாம். போடாததுக்கும் வைக்கிறதுன்னா, நாட்டுல அவங்க எத்தனை பேருக்குப் போடல? எல்லாருக்கும் வைக்கணுமே.”

“சரிங்க சேர். மிச்சம் ஒரு குப்பி இருக்குமே. அது எம் புள்ளையோடது தானுங்களே?”

இந்தக் கேள்வி மருந்துக் கையிருப்புக்குப் பொறுப்பான ஜஸீலிடம் அனுப்பப்பட்டது. அவர் அடுத்த மேசையில்தான் இருந்தார், என்றாலும் கேள்வி எழுத்தில்தான் போயிற்று. ஜஸீல் வாசித்துவிட்டு வாயால் பதில் சொன்னார்.

“ஒரு குப்பி கூடுதலா வந்தது உண்மை. முப்பத்தொண்ணு அனுப்பினோம், முப்பத்தொண்ணு போட்டாச்சு, அப்ப முப்பத்திரண்டாவது எங்கேருந்து வந்துச்சுன்னு விசாரிக்க ஒரு குழு போட்டோம். அப்படி ஒரு குப்பி இருக்க முடியாதுன்னு குழு முடிவு பண்ணுச்சு. இல்லாத குப்பியை வச்சிருக்கிறது சட்டப்படி பிழை. அதனால முறைப்படி அழிச்சு, போட்டோவும் எடுத்திருக்கோம். காட்டட்டுங்களா?”

காட்டினார். படத்தில் மூன்று பேர் கையுறை போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள். நடுவில் ஒரு சின்னக் குப்பி. கலாராணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. குப்பியை அழித்த அன்று பதுளையில் வெயில் என்பது மட்டும் படத்தில் தெரிந்தது.

“சரிங்க,” என்றாள்.

மூன்றாம் முறை பிள்ளையையும் கொண்டுவரச் சொன்னார்கள். நேரில் பார்த்து முடிவெடுப்பதற்கு மூன்று பேர் கொண்ட குழு. மூவரும் ஆண்கள், ஒருவர் கட்டட மேற்பார்வையாளர். சிவசக்தி பண்டாரவளையிலேயே பஸ்ஸில் வாந்தியெடுத்து, வெளிறிப்போய் வந்து நின்றாள். சட்டைக் கையை உயர்த்தச் சொன்னார்கள். இடது தோளில் ஒரு தழும்பு.

“அடையாளம் இருக்கு,” என்றார் கட்டட மேற்பார்வையாளர்.

“அது பொறந்தப்ப போட்டதுங்க ஐயா. எல்லாப் புள்ளைக்கும் இருக்கும்.”

“எப்ப போட்டதுன்னு எங்க படிவத்துல கேள்வி இல்லம்மா. இருக்கா இல்லையான்னுதான்.”

இந்த ஊசி தழும்பு விடாத ஊசி என்று விளக்கி ஷாகிரா மிஸ் கடிதம் எழுதினார். குழு அலட்சியமாக இருந்துவிடவில்லை. மற்ற முப்பது பிள்ளைகளின் தோளையும் போய்ப் பார்த்தது. முப்பதிலும் அதே தழும்பு இருக்கிறதென்றும், ஆகவே சிவசக்தியின் தழும்பு முற்றிலும் ஒழுங்கானதென்றும் பதில் எழுதியது.

அன்று படியிறங்கும்போது ஜெயரூபன் பின்னாலேயே வந்தார். சுற்றிலும் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா, நான் உங்களை நம்புறேன். ஆனா முப்பத்தொண்ணுல முப்பதுன்னா தொண்ணூத்தாறு புள்ளி ஏழு ஏழு. எங்க திட்டத்தோட பேரே நூறு வீதம். பலகையை என்ன செய்யச் சொல்றீங்க?”

உண்மையாகவே கேட்டார். கலாராணிக்கு அவர் மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் பதுளையில் வெற்றி விழா. வெள்ளைப்பாறைத் தோட்டத்துக்கு பஸ் அனுப்பினார்கள். முப்பத்தொரு பிள்ளைகளும் வரவேண்டும், தாய்மார் வரவேண்டும், மண்டபம் நிறைவதற்காக மலையில் கொழுந்து பறிக்கும் மற்றப் பெண்களும் வரவேண்டும். கலாராணிக்குத் தனிக் கடிதம் வந்திருந்தது. வருகைப் புத்தகத்தில் அதிக தரம் கையெழுத்து வைத்தவள் அவள்தான் என்பதால் ‘தடுப்பூசியில் அதிக ஆர்வம் காட்டிய தாய்’ விருது அவளுக்கு. கடிதத்தின் கடைசி வரியைத்தான் அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். மேடையில் பிள்ளைகளின் பெயர் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும் என்று அதில் இருந்தது.

வாசிப்பது கொழும்பிலிருந்து வரும் பெரியவர்களுக்கு முன்னால். அங்கே ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் முப்பதுதான். எல்லோருக்கும் முன்னால் முப்பது ஆகிவிட்டால் மறைக்க முடியாது, ஒரு குப்பி கொடுத்துத்தான் ஆகவேண்டும். மூன்று மாதத்தில் அவளாக யோசித்துக் கண்டுபிடித்த ஒரே வழி இது.

“ஓம் பேர வாசிச்சா வாயே தெறக்கக் கூடாது,” என்று மகளிடம் சொன்னாள்.

“அப்ப நான் இல்லேன்னு ஆயிருமே ம்மா.”

“ஆகட்டும். அதுதான் வேணும்.”

டிலானியையும் கூப்பிட்டுச் சொன்னாள். டிலானி நடந்ததெல்லாம் தெரிந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. “செத்தாலும் பேசமாட்டேன் அத்தே,” என்றாள். இரண்டு பிள்ளைகளிடமும் கலாராணி சத்தியம் வாங்கினாள்.

மண்டபத்தில் முன்வரிசையில் பிள்ளைகள், நடுவில் உத்தியோகத்தர்கள், பின்னால் தோட்டத்துப் பெண்கள். பணிப்பாளர் நாற்பது நிமிடம் பேசினார்.

“ஒரு பிள்ளைகூட விடுபடவில்லை என்பதை நான் பெருமையோடு கூறுகிறேன். விடுபட்டதாக ஒரு முறைப்பாடு வந்தது. நாங்கள் அதை அலட்சியம் செய்யவில்லை. விடுபடவில்லை என்று நிரூபிக்க மூன்று மாதம் இரவு பகலாக உழைத்தோம். அந்த உழைப்பை ஊசி போடுவதில் செலவழித்திருந்தால் ஒரு பிள்ளைதான் பயனடைந்திருக்கும். இன்று ஒரு மாகாணமே பயனடைந்திருக்கிறது.”

கைதட்டல் ஓய்ந்ததும் ஜெயரூபன் பெயர் வாசிக்கத் தொடங்கினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக ‘இருக்கேன்’ என்று எழுந்து நின்றார்கள். இருபத்தாறு. இருபத்தேழு. கலாராணி மேடையோரத்து விருதுக் கதிரையில் விரல்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சிவசக்தி.”

பிள்ளை அசையவில்லை. டிலானி உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த கொழும்புப் பெரியவர் ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஜெயரூபன் காகிதத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். இரண்டாம் முறை, கொஞ்சம் கெஞ்சுகிற குரலில் வாசித்தார்.

“சிவசக்தி?”

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்தத் திட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது. கலாராணி கதிரையின் நுனிக்கு வந்தாள்.

“இருக்குதுங்க!”

பின்வரிசையிலிருந்து வந்தது குரல். கலாராணியோடு ஒரே மலையில், அடுத்த நிரையில் கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமி. அவள் சொன்னதும் பக்கத்தில் இருந்த பெண்களும் விட்டுவிடவில்லை. “இருக்குதுங்க, இருக்குதுங்க” என்று நாலைந்து குரல் சேர்ந்து எழுந்தது. ஜெயரூபன் கண்ணை மூடித் திறந்தார். சரி அடையாளம் போட்டார். கொழும்புப் பெரியவர் முதலில் கைதட்டினார்.

பிறகு கலாராணியை மேடைக்கு நடுவே அழைத்துக் கண்ணாடிச் சட்டம் போட்ட விருதைக் கொடுத்தார்கள். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். சிரித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விஜயலெட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பாவம் புள்ள, அத்தன பேரப் பார்த்துப் பயந்து வாயடைச்சுப் போச்சு. ஆப்சன்ட் போட்டுருவாங்களேன்னுதான் நான் பேர் குடுத்தேன்.”

“சரிக்கா,” என்றாள் கலாராணி. எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்க வேண்டும். சத்தியம் வாங்கியது இரண்டு பிள்ளைகளிடம் மட்டும்தான். பின்வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள்.

அடுத்த கிளினிக்கில் ஷாகிரா மிஸ் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். பஞ்சை உருட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“மேல எழுதிட்டேன். பதில் வரும்னு நான் நம்பல. அடுத்த வருஷம் புது ஆறாம் ஆண்டுக்கு இதே மருந்து எண்ணி வரும். அன்னைக்கு ஒரு பிள்ளை வராம இருந்தா, சிவசக்தியக் கூட்டிட்டு வந்து வரிசையில நிறுத்துங்க. அந்தப் பேரை வாசிக்கிறப்ப இவ இருக்கேன்னு சொல்லட்டும். நான் போட்டுடுறேன்.”

“அப்ப அந்தப் புள்ளைக்கு மிஸ்?”

ஷாகிரா மிஸ் இன்னொரு பஞ்சை எடுத்து உருட்டத் தொடங்கினார்.

மறுநாள் காலையில் பெரட்டுக்களத்துக்குக் கீழே, பள்ளிக்கூடம் போகும் பாதையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் போனார்கள். கலாராணி கூடையைத் தலையில் மாட்டியபடி எண்ணினாள். பெண் பிள்ளைகள் இருபத்தாறு. யார் கொஞ்சம் உயரம், யாருக்கு உடம்பு வைத்திருக்கிறது, எவள் ஊசி நாளுக்குச் சரியாகப் பெரிய பிள்ளையாகி வீட்டோடு இருப்பாள் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளை இப்படிப் பார்ப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள். எல்லோரையும்விட வளர்ந்திருந்தவள் இரட்டைப் பின்னலோடு கடைசியாகப் போனாள். அவள் திரும்பிப் பார்த்து, “அத்தே” என்று கையை ஆட்டினாள். விஜயலெட்சுமியின் கடைக்குட்டி.

கணக்குப்பிள்ளை ஆள் எடுக்கத் தொடங்கியிருந்தார்.

“கலாராணி.”

அவளுக்கு வாய் வரவில்லை.

“கலாராணி!”

“இருக்குதுங்க,” என்றாள் பக்கத்தில் நின்ற விஜயலெட்சுமி.